பீரோவுக்குப் பின்னால் இருந்த நிறம்

மாஸ்டருக்கு இரண்டே இரண்டு பயங்கள். ஒன்று ஊசி. மற்றொன்று, தன் கண்ணில் கோளாறு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பது. முதல் பயத்தை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார். இரண்டாவதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அது என்ன சாதாரணக் கண்ணா? சாயப்பட்டறையில் காலமெல்லாம் சோறு போட்ட கண். துணி கேட்டவர் அனுப்பிய மாதிரித் துண்டை ஒரு கையிலும், சாயமேறிக் காய்ந்த துணியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நிற்பார். பட்டறையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். "சிவப்பு கொஞ்சம் தூக்குது" என்றால் முடிந்தது, மொத்தத் துணியும் மறுபடி தொட்டிக்குப் போகும். "போகலாம்" என்றால் லாரி கிளம்பும். நிறத்தை அளக்க மிஷின் வந்த பிறகும், மிஷின் சொன்னது சரிதானா என்று முதலாளி மாஸ்டரைக் கேட்டுத்தான் நம்பினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பெயர் ஓய்வு பெறவில்லை. தெருவுக்கே அவர் மாஸ்டர். மனைவி மட்டும் "ஏங்க" என்பாள்.

மனைவிக்குக் குடிநீர் விநியோக அலுவலகத்தில் வேலை. புகார் எடுக்கிற மேஜை. காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால், தண்ணீர் வராதவர்கள், கலங்கலாக வந்தவர்கள், வராத தண்ணீருக்குப் பில் மட்டும் வந்தவர்கள் என்று ஊரே வரிசையில் வந்து அவளைத் திட்டும். குழாயை அடைத்தவள் அவள்தான் என்பது போலத் திட்டும். "சரிங்க, பதிவு பண்ணிட்டேங்க" என்று அத்தனையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். வந்த பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் ஓயாது. சமைக்கும்போது கேட்கும், படுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். மகளைக் கட்டிக்கொடுத்து முடித்து வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த சமயத்தில், அவள் தனக்கென்று முதல் தடவையாக ஒன்றை வாய்விட்டுக் கேட்டாள். படுக்கையறைக்கு மட்டும் தான் சொல்கிற கலர் வேண்டும் என்று.

கத்தரிப்பூ நிறம். அதுவும் அழுத்தமாக இல்லை, பூவைப் பாலில் போட்டு எடுத்த மாதிரி வெளிறியது. வேலை விட்டு வந்ததும் அந்தச் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் காது அடங்கிவிடும். சுவருக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அடங்கியது, அவ்வளவுதான். அதுவரை போட்டுவந்த தூக்க மாத்திரையை விட்டாள்.

மாஸ்டருக்கும் ஆரம்பத்தில் அந்த நிறம் பரவாயில்லை என்றுதான் இருந்தது. வருஷம் போகப் போகச் சுவர் மங்கத் தொடங்கியது. முதலில் சாம்பல் அடித்தது, பிறகு பழுப்பு ஏறியது.

"பெயிண்ட்காரன் நல்லா ஏமாத்திட்டான். பாரு, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி ஆயிடுச்சு" என்பார்.

"எங்க ஆயிடுச்சு? அடிச்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

"கலரைப் பத்தி என்கிட்டயே பேசறியா?"

"நான் கலரைப் பத்திப் பேசலங்க. நம்ம சுவரைப் பத்திப் பேசறேன்."

இந்தப் பேச்சு ஆண்டுக்கணக்கில் ஓடியது. மாஸ்டர் வீம்புக்குப் பேசவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த அறைக்குள் போனாலே அவருக்கு நெஞ்சில் யாரோ ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி இருந்தது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மழை மூட்டம். எழுந்திருக்கப் பிடிக்காது, நடக்கப் போகப் பிடிக்காது, யாராவது சிரித்தால் எரிச்சல் வரும். கடைசியில் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் இருந்த சோபாவுக்குக் குடிபெயர்ந்தார். மனைவி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். நான் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் இந்த மனுஷன் நொட்டை சொல்லிச் சொல்லியே கெடுக்கிறாரே என்று உள்ளுக்குள் குமைந்தாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில்.

குட்டு உடைந்தது ஒரு ஜோடி சாக்ஸால். ஒரு காலில் கறுப்பும் மறு காலில் கருநீலமுமாக மாஸ்டர் மகள் வீட்டுக்குப் போய் இறங்கினார். மகள் சிரித்தாள். பிறகுதான் அவர் விளையாடவில்லை என்று புரிந்தது. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று அவர் நிஜமாகவே கேட்டார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். மாஸ்டர் பிடி கொடுக்கவில்லை. வெளிச்சம் சரியில்லை, கண்ணாடி பழசு, சாக்ஸ் மட்டமான சாயம் என்று ஆயிரம் காரணம் சொன்னார். மகள் கெஞ்சிப் பார்த்தாள், மருமகன் சண்டை போட்டுப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

மனைவிதான் ஒரு நாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேரம் பேசினாள்.

"நீங்க கண்ணை ஆபரேஷன் பண்ணிக்கோங்க. பெட்ரூமுக்கு நீங்க சொல்ற கலரையே அடிச்சிடலாம்."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

துடைத்த இடத்தையே அவள் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. மறுநாளே அவளையும் கூட்டிக்கொண்டு பெயிண்ட் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கடையில் நிற அட்டைகளை விசிறி போல விரித்து வைத்தார்கள். மாஸ்டர் பட்டறைப் பழக்கத்தில் ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதைப் பார்த்தாலும் பழுப்பு. கடைசியில் ஒரு அட்டையில் அவர் முகம் மலர்ந்தது. விடியற்காலை வானம் மாதிரி இதமான வெளிர் நீலம். இத்தனை நாளாக மனம் தேடியது இதைத்தான் என்று தோன்றியது.

கடைக்காரர் தயங்கினார். "சார், பெட்ரூமுக்கா? இது கொஞ்சம் தூக்கலா இருக்குமே…"

"நான் யார் தெரியுமா?" என்று ஆரம்பித்தார் மாஸ்டர். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். மனைவி அட்டையைப் பார்த்தாள், கணவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

ஆபரேஷனன்று ஊசி பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. மறுநாள் காலை நர்ஸ் வந்து வலது கண் கட்டைப் பிரித்தாள். மாஸ்டர் இமையைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார்.

"யாரும்மா இவ்வளவு லைட்டைப் போட்டது?"

"லைட் எதுவும் போடலங்க. ஜன்னல்தான் திறந்திருக்கு."

மறுபடி மெல்லத் திறந்தார். நர்ஸின் உடுப்பு எதிரே நின்றது. வெள்ளை. வெளுக்கிற தொட்டியில் டன் கணக்கில் வெள்ளையைப் பார்த்தவர் அவர். அந்த வெள்ளையே இத்தனை நாளாக அவரை விட்டுப் போயிருந்தது, போனதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறார். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். அதே உடுப்பு பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. இடதை மூடி வலதால் பார்த்தார். பளீரென்று வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், அதில் இலைக்கு இலை வேறு பச்சை. மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மனிதனின் இரண்டு கண்ணிலும் இரண்டு உலகமா! அவர் மாற்றி மாற்றிக் கண் அடிப்பதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிட்டு, "அவரைக் கொஞ்சம் பாருங்கம்மா" என்றார்.

மகள் உள்ளே வந்தாள். மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்போம்மா நரைச்சுது?"

"ரொம்ப நாளாச்சுப்பா" என்று சொல்லி அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்ததும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

டாக்டர் வந்து விளக்கினார். "உள்ள இருந்த லென்ஸ் டீத் தண்ணி கலருக்கு வந்திருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வர்றதால உங்களுக்கே தெரியாது. நீலம், ஊதா எல்லாம் அதுல அடிபட்டுப் போயிடும். சாம்பலாத் தெரியும். குனியாதீங்க, கனமா எதையும் தூக்காதீங்க. அடுத்த கண்ணுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு வாங்க."

நீலம், ஊதா. மாஸ்டர் அந்த இரண்டு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

வீட்டில் ஒட்டடையும் தூசியுமாக இருக்கிறது, கண்ணுக்கு ஆகாது, ஒரு வாரம் மகள் வீட்டில் இருக்கட்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாரமும் மாஸ்டர் ஒரே யோசனையாகக் கிடந்தார். பட்டறையில் ஏன் ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்பது இப்போது விளங்கியது. மாதிரித் துண்டு, சாயத்துணி இரண்டையும் அதே டீத் தண்ணி வழியாகத்தானே பார்த்தார்? இரண்டும் சேர்ந்தே மங்கின, அதனால் ஒப்பு சரியாகவே வந்தது. சுவருக்குப் பக்கத்தில் ஒப்புப் பார்க்கத்தான் எதுவும் இல்லை. அப்படியானால் அவள் சொன்னதுதான் சரி. சுவர் மாறவேயில்லை. அவள் தினமும் உட்கார்ந்து பார்த்த சுவரை உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது. பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம், பெயிண்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வாரம் முடிந்து வீட்டு வாசலில் இறங்கியதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குப் போனார். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டாவது கண்ணும் முடியட்டும்னுதான் நினைச்சேன். ஆனா நீங்க வரும்போது ரெடியா இருந்தா சந்தோஷப்படுவீங்களேன்னு அடிச்சு முடிச்சிட்டேன்" என்று திறந்தாள்.

சுவர் அவர் மேல் பாய்ந்தது. பிளாஸ்டிக் வாளி இருக்கிறதே, குளியலறை வாளி, அந்த நீலம். நாலு பக்கமும் வாளி. கட்டில் வாளிக்குள் கிடந்தது, அவள் வாளிக்குள் நின்றுகொண்டிருந்தாள், அவள் முகத்தில்கூட நீலம் அடித்தது. மாஸ்டர் ஆபரேஷன் ஆன கண்ணைச் சட்டென்று மூடினார். இடது கண்ணில் இதமான விடியற்காலை வானம் தெரிந்தது. திறந்தார். வாளி.

"எப்படிங்க இருக்கு?"

என்னவென்று சொல்வது? உனக்கிருந்த ஒரே சுவரை என் குருட்டுக் கண்ணுக்காக அழித்துவிட்டாய் என்றா?

"நல்லா… நல்லா இருக்கு" என்றார்.

அதன் பிறகு வீட்டில் அமைதியாக இருந்தது. அதுதான் வேதனை. மனைவி வேலை விட்டு வந்ததும் அறைக்குள் போவதில்லை, சமையலறை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிடுவாள். போன் அடித்தால் தோள் தூக்கிப் போடும். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் புதுத் தூக்க மாத்திரை அட்டை ஒன்று தெரிந்தது. புதுக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்து தொலைத்தது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுப்பார். காலமெல்லாம் ஷேடு பார்த்த மாஸ்டர் தன் கையாலேயே வாளியைத் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்வது என்று நாக்கு மடங்கிக்கொள்ளும்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் அறைக்குள் போனதைப் பார்த்தார். வெகுநேரம் ஆகியும் வரவில்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். அவள் இரும்புப் பீரோவின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையளவு இருந்த இடைவெளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது. மாஸ்டர் சத்தமில்லாமல் சோபாவுக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, அதே இடத்தில் அதே மாதிரி கன்னத்தை வைத்து அவரும் பார்த்தார். பீரோ கனம் என்று பெயிண்ட்காரர்கள் அதை நகர்த்தாமல் சுற்றிவர அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் முதுகுக்குப் பின்னால், இருட்டில், ஏதோ ஒன்று மென்மையாகத் தெரிந்தது.

அன்று மனைவி வீடு திரும்பியபோது பீரோவில் இருந்த துணிமணி, பெட்டி, போர்வை எல்லாம் கட்டிலில் மலையாகக் கிடந்தன. நடுவில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க? கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"நான் எங்க தூக்கினேன்? ஒவ்வொண்ணாத்தான் எடுத்து வச்சேன். இனிமே தள்ள வேண்டியதுதான். அதுக்குத்தான் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்."

"எதுக்குத் தள்ளணும்?"

"தள்ளும்மா, சொல்றேன்."

காலி பீரோவின் அடியில் பழைய போர்வையைச் செருகி அவள் தள்ளினாள். அவர் திசை மட்டும் சொன்னார். பீரோ முனகிக்கொண்டே நகர்ந்தது. மேற்கு ஜன்னல் வெயில் நேராக அந்தச் சுவரில் போய் விழுந்தது.

ஒரு கதவளவுக்கு அந்த நிறம் நின்றது. சுற்றிலும் வாளி நீலம் கத்திக்கொண்டிருக்க, நடுவில் ஒரு சத்தமும் இல்லாத இடம். ஊதா என்றால் முழுக்க ஊதா இல்லை. வெயில் பட்ட பக்கம் லேசாகச் சிவந்திருந்தது, நிழல் பக்கம் நீலத்தில் இறங்கியிருந்தது. எத்தனையோ ஆயிரம் சாயம் பார்த்தவருக்கு இதற்கு ஒரு கலவை சொல்ல வாய் வரவில்லை. மாஸ்டர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நெஞ்சின் மேல் கிடந்த ஈரச் சாக்கை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இத்தனை வருஷமா நீ இதையா பார்த்துக்கிட்டிருந்த?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் அவள் ஒன்றும் புரியாமல். "நீங்களும் இதைத்தானே பார்த்தீங்க?"

மாஸ்டர் தலையை ஆட்டினார். புதுக் கண்ணை மூடிக்கொண்டு பழைய கண்ணால் அதே இடத்தைப் பார்த்தார். பாத்திரம் கழுவின தண்ணி. இதை எப்படி இவளுக்குக் காட்டுவது? டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனார். பால் விடாமல் டீ போட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தார். பட்டறை வழக்கப்படி வேலையைத் தொடங்கினார். டம்ளரைப் புதுக் கண் முன்னால் பிடித்து ஒரு பார்வை, அதை இறக்கிவிட்டுப் பழைய கண்ணால் ஒரு பார்வை. பழுப்பு கூடுதல் என்று கொஞ்சம் தண்ணீர் விட்டார். மறுபடி பார்த்தார். இன்னும் ஒரு ஸ்பூன் தண்ணீர். வாழ்க்கையில் எந்த ஷேடுக்கும் அவர் இவ்வளவு கவனம் எடுத்ததில்லை. இரண்டும் ஒன்றாக வந்ததும், "போகலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"இது வழியா உன் சுவரைப் பாரு."

அவள் டம்ளரைக் கண்ணருகே வைத்தாள். முதலில் ஏதோ விளையாட்டு என்று சிரித்தாள். சிரிப்பு நின்றது. கட்டிலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். வெயிலே டம்ளருக்குள் பழுப்பாக வந்தது.

"ஏங்க" என்றாள். "இதுக்குள்ளயா படுத்துக் கிடந்தீங்க?"

மாஸ்டர் ஹால் சோபா பக்கம் கையைக் காட்டினார்.

"எனக்கே ஒரு நிமிஷம் தாங்கலையே. நீங்க சும்மா நொட்டை சொல்றீங்கன்னு நினைச்சேன். சொன்னதெல்லாம் நிஜமா?"

"நீ சொன்னதும் நிஜம்தான்" என்றார். "ரெண்டும் நிஜம்மா. அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு."

அவள் டம்ளரை இறக்கினாள். ஏற்றினாள், இறக்கினாள். சுவர் போனது, வந்தது. இரண்டு பேரும் ஒரு சுவரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் டம்ளரை ஆட்டிக்கொண்டும் ஒருவர் கண்ணை அடித்துக்கொண்டும் இருந்ததை யாராவது பார்த்திருந்தால் வைத்தியத்துக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள்.

"அந்த நீலம்…" என்று மாஸ்டர் மென்று விழுங்கினார். "அது சகிக்கல."

"எனக்கு மட்டும் சகிக்குதா? வாளிக்குள்ள விழுந்த பல்லி மாதிரி இருக்கு."

"நீயும் வாளின்னுதான் நினைச்சியா? கடையிலேயே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அன்னைக்கு சிரிச்சீங்க" என்றாள். "எப்படிங்க சொல்றது?"

மாஸ்டர் அழுதார். கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கசக்காமலே அழுதார். அவள் தன் முந்தானையால் அவர் கன்னத்தை மட்டும் ஒற்றி எடுத்தாள். பிறகு கையில் இருந்த டீயைக் குடித்துவிட்டாள். ஆறிப்போய், தண்ணீர் தண்ணீராக, சர்க்கரையும் இல்லாமல் இருந்தது. காலி டம்ளரைக் கண்ணில் வைத்துச் சுவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கத்தரிப்பூ அப்படியே இருந்தது.

"நாளைக்கு லீவு போடறேன்" என்றாள். "பெயிண்ட் கடைக்குப் போலாம்."

"நான் வரேன். ஆனா கலரைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"திறங்க. மாஸ்டர் பார்க்காம யார் பார்க்கிறது? ஒரு கண்ணை மட்டும் மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

கட்டின நாளிலிருந்து அவள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. அவர் அப்போதே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, முதலில் சுவரையும் பிறகு அவளையும் பார்த்தார்.